கம்பாலியாவைப் பிரமிடுக்குள் தள்ளாதீர்கள்

கன்னி ராசியின் காலடியில், துலாம் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு நட்சத்திரம் இருக்கிறது. லாம்டா வர்ஜினிஸ். ஒளி அளவு 4.5 என்பதால் நகர வெளிச்சத்தில் கண்ணுக்குச் சிக்காது. 2017-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் இதற்குக் ‘கம்பாலியா’ என்ற காப்டிக் பெயரை ஏற்றுக்கொண்டது. காப்டிக் என்றதும் ஃபாரோ காலத்துக்கு, பிரமிடு கட்டியவர்களிடம் போய்விடுகிறார்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

பழைய எகிப்திய மொழியின் கடைசிப் பருவம்தான் காப்டிக், சரி. ஆனால் அதை எழுதியவர்கள் எகிப்தியக் கிறிஸ்தவர்கள். எழுத்து கிரேக்கம், கூடவே டெமோட்டிக் என்ற பழைய எகிப்திய எழுத்து முறையிலிருந்து எடுத்த சில எழுத்துகள். கம்பாலியா வரும் காப்டிக் பட்டியலில் மொத்தம் 28 பெயர்கள், எல்லாம் நிலா இரவுக்கு ஒன்றாகத் தங்கிப் போகும் வீடுகள். நம் அசுவினி, பரணி மாதிரி. அரபியில் இவற்றை மன்ஸில் என்பார்கள்.

பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நம் கேட்டைக்கு அங்கே ‘கார்தியன்’. கிரேக்கத்தில் கார்தியா என்றால் இதயம். அரபியிலும் அந்த வீடு ‘கல்ப்’, இதயம்தான். ரோகிணி ‘பியோரியன்’: முன்னால் நிற்கும் ‘பி’ காப்டிக், மீதி கிரேக்க வேட்டைக்காரன் ஓரியனின் பெயர். புனர்பூசம் ‘பிமாஹி’. இந்த மூன்றில் இது மட்டும் அசல் எகிப்தியச் சொல், முழம் என்று பொருள். அரபியில் அதே வீட்டின் பெயர் ‘திரா’, முன்கை. முழம் போடுவதே முன்கையால்தானே!

கம்பாலியாவுக்கு ‘வளைந்த நகமுடையது’ என்று நட்சத்திரப் பெயர்களைத் தொகுத்த ரிச்சர்ட் ஹிங்க்லி ஆலன் 1899-இல் பொருள் எழுதினார். வானத்தில் அது பொருந்தவே செய்கிறது. துலாத்தின் நட்சத்திரங்களைக் கிரேக்கர்கள் தேளின் இடுக்கிகளாகத்தான் பார்த்தார்கள். கம்பாலியா அதற்கு ஒட்டினாற்போல நிற்கிறது.

இந்தப் பெயர்கள் ஐரோப்பாவுக்குப் போனது 17ஆம் நூற்றாண்டில் கிர்ச்சர் என்ற ஏசு சபைப் பாதிரியாரின் நூல்கள் வழியாக. அவருக்கு முன்பே காப்டிக் அறிஞர்கள் தங்கள் மொழி அழிந்துவிடக் கூடாதென்று அரபி விளக்கத்தோடு சொற்பட்டியல்கள் தொகுத்திருந்தார்கள். இப்னு கபர் என்ற 14ஆம் நூற்றாண்டுக் காப்டிக் பாதிரியாரின் பெரிய சொற்பட்டியலைத்தான் கிர்ச்சர் 1643-இல் ரோமில் அச்சிட்டார்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இஸ்லாமிய ஆட்சியில், அரபி பேசிக்கொண்டே, கிரேக்க வானத்தையும் அரபு வானத்தையும் தங்கள் மொழியில் எழுதி வைத்த ஒரு சமூகத்தின் உழைப்பு இது. அதைப் பிடுங்கி ஃபாரோவுக்குக் கொடுப்பது அநியாயம். காப்டுகள் என்ற அந்த எகிப்தியக் கிறிஸ்தவர்கள் இன்றும் எகிப்தில் வாழ்கிறார்கள், அவர்கள் தேவாலய வழிபாட்டில் அந்த மொழி இன்றும் ஒலிக்கிறது. கம்பாலியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் அவர்கள் பெயரை எழுதட்டும்.