பாலாற்று மணல் கடலுக்குப் போக வேண்டும்

பாலாற்றில் வெள்ளம் வந்தால் வேலூர் பக்கத்தில் உடனே ஒரு புலம்பல் கிளம்பும்: "இவ்வளவு தண்ணீரும் வீணாகக் கடலில் கலக்கிறதே!" 2021 நவம்பரில் விரிஞ்சிபுரம் தரைப்பாலத்தை உடைத்துக்கொண்டு வெள்ளம் பாய்ந்தபோதும் திரும்பத் திரும்ப இதைத்தான் கேட்டேன். வறண்ட ஆற்றையே பார்த்து வளர்ந்தவர்களின் ஏக்கம் அது, எனக்கும் உண்டு. ஆனாலும் கடலில் கலப்பது வீண் என்பதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை.

ஆறு தண்ணீரோடு மணலையும் கொண்டுபோகிறது. நந்தி மலையில் பிறந்து, கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு வழியாக மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் அருகே பாலாறு கடலில் சேர்கிறது. வெள்ளம் வரும் சில நாட்களில்தான் அந்த மணல் பெருமளவு நகர்கிறது. மற்ற நாட்களில் படுகையில் கிடக்கும்.

கடற்கரை மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. நம் கிழக்குக் கரையில் அலைகள் சாய்வாக வந்து மோதுகின்றன. ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே தள்ளப்படுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் திசை மாறும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். வழியை மறித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துப்போனது. அங்கே இன்றும் பாறைகளைக் கொட்டுகிறோம், கடலுக்குள் நீளும் கற்சுவரான தூண்டில் வளைவு கட்டுகிறோம். ஒரு குப்பத்தைக் காப்பாற்றக் கட்டிய தூண்டில் வளைவு, வடக்கே அடுத்த குப்பத்துக்குப் போக வேண்டிய மணலைப் பிடித்துவைத்துக்கொள்கிறது.

முகத்துவாரத்தில் ஆற்றுக்கும் அலைக்கும் ஓயாத போராட்டம். ஆறு இளைத்தால் அலை மணலைக் குவித்து வாயை அடைத்துவிடும். பின்னால் உப்பங்கழி தேங்கி நிற்கும். கடலிலிருந்து உள்ளே வர வேண்டிய இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் வெளியிலேயே நின்றுவிடும். பழவேற்காட்டில் முகத்துவாரம் தூர்ந்துபோகும்போதெல்லாம் மீனவர்கள் குரல் எழுப்புவது இதனால்தான். பெருவெள்ளம் வந்தால் அந்த மணல் திட்டை உடைத்துக்கொண்டு போகும்.

புயல் செய்யும் வேலை இன்னும் விந்தையானது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அப்படி ஒரு புயல் ஓய்ந்த பிறகு கடற்கரையில் குனிந்து பாருங்கள். வெள்ளை மணலுக்கு நடுவே கருப்பும் செம்மையுமாகக் கோடுகள் தெரியும். இல்மனைட், கார்னெட் போன்ற கனமான தாதுக்கள் அவை. எடை குறைந்த வெண்மணலை அலை அள்ளிக்கொண்டு போயிருக்கும், கனமானது மட்டும் தங்கியிருக்கும். போன மணலில் ஒரு பகுதி கரையை ஒட்டிய கடலடியில் திட்டாகக் கிடந்து, கடல் அமைதியான மாதங்களில் சிறுகச் சிறுகத் திரும்பி வரும். இன்னொரு பகுதி மணல் மேட்டைத் தாண்டி உப்பங்கழிப் பக்கம் விழும். மேடு இப்படி நிலத்தை நோக்கி நகர்ந்து நகர்ந்துதான் உயிர் பிழைக்கிறது. அதன் மேல் சாலையும் சுவரும் கட்டி, நகராதே என்று நிறுத்திவைத்தால் தேய்ந்து அழிகிறது.

பாலாறுகூட ஒரே இடத்தில் கடலைச் சேர்ந்த ஆறு அல்ல. ஒரு காலத்தில் காவேரிப்பாக்கம் பக்கமாக, இன்றைய கொசஸ்தலையாற்றின் தடத்தில் ஓடியது என்கிறார்கள் புவியியல் அறிஞர்கள். அத்தனை மாற்றங்களையும் கரை தாங்கியது, மணல் வரவு இருந்ததால்.

அந்த வரவைத்தான் நாம் வெட்டிவிட்டோம். எத்தனை ஆண்டுகளாக, எத்தனை லாரிகளில் பாலாற்றை அள்ளினோம்! மணல் இருந்த இடத்தில் களிமண் தெரிகிறது, அதில் சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கிறது. நிலத்தடி நீர் போயிற்று, கிணறு வற்றியது என்று நம் ஊர் இழப்பைப் பேசுகிறோம், சரிதான். வாயலூரிலிருந்து வடக்கே கடலோரத்தில் வலை உலர்த்த இடமில்லாமல் நிற்பவர்களுக்கும் அந்த மணலில் உரிமை இருந்தது என்பதை யாரும் பேசுவதில்லை.

தடுப்பணையே கூடாது என்று நான் சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீரில்லாத மாவட்டத்தில் அப்படிச் சொல்வது அநியாயம். ஆனால் கட்டுகிற அணையில் மணல்போக்கிக் கதவுகள் வையுங்கள், வெள்ளக் காலத்தில் அவற்றைத் திறந்துவிடுங்கள். மணல் குவாரிக்கு அனுமதி தரும் முன் வேலூர், ராணிப்பேட்டையோடு நிறுத்தாமல், செங்கல்பட்டு மாவட்டக் கடலோர ஊராட்சிகளையும் அழைத்துக் கேளுங்கள். கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டும் செலவுக் கணக்கில், அள்ளிய ஆற்று மணலின் கணக்கையும் சேர்த்துப் பொதுவில் வையுங்கள். அடுத்த கிராம சபையில் இதை நான் கேட்கப் போகிறேன். நீங்களும் உங்கள் ஊரில் கேளுங்கள்.