கவனக்குறைவாம்!

எட்டாம் மாதக் கர்ப்பத்தில் வலிப்பு வந்து ஐசியுவில் கிடக்கிற ஒரு பெண்ணைப் பற்றி நேற்று எழுதியிருந்தேன். அந்தப் பதிவுக்குக் கீழே கமெண்ட்டில் ஒரே கூத்து. அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு பெரியவர் எழுதியது ஒரே வரி: "எல்லாம் பொண்ணோட கவனக்குறைவு." அதற்கு 200 சொச்சம் லைக்.

ஐயா, கவனமாக இருக்க அவள் கையில் என்ன இருந்தது?

கர்ப்பத்தில் ஏறும் பிரஷர் யாரும் தேடி வாங்கிக்கொள்வது இல்லை. நஞ்சுக்கொடியில் தொடங்கும் கோளாறு. 140/90-ஐத் தொடும், சிறுநீரில் புரதம் (ஊர்ப் பேச்சில் 'உப்பு') இறங்கும், முகமும் கையும் வீங்கும், தலைவலி விடாது, கண் மங்கும். அப்படியே விட்டால் வலிப்பு. "பணக்காரங்களுக்கும்தான் வருது, இதுல சமூகம் எங்க வந்துச்சு?" என்கிறார் இன்னொருவர். வருவது யாருக்கும் வரும் சார். வந்த பிறகு அவள் யாரிடம் சொல்கிறாள், சொன்னால் யார் வண்டி எடுக்கிறார்கள் என்பதுதான் வீட்டுக்கு வீடு வேறு.

என் அக்கா கதை சிலருக்குத் தெரியும். மாமா திருப்பூரில் பனியன் கம்பெனி, அக்கா மாமியார் வீட்டில். 33-ஆவது வாரம். மூன்று நாளாகத் தலைவலி. "மாசமா இருந்தா வலிக்கத்தான் செய்யும், தைலம் தேய்" என்றார் மாமியார். கெட்டவர் இல்லை, அவருக்கு அவர் மாமியார் சொன்னதும் அதுதான். மேல்வயிறு வலித்தபோது வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். மாமாவுக்கு நைட் ஷிப்ட், போன் எடுக்கவில்லை. மாமனார் "விடியட்டும், பார்க்கலாம்" என்றார். விடிவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. அப்புறம் 108, தாலுகா ஆஸ்பத்திரி, அங்கிருந்து பெரியாஸ்பத்திரி. 5 நாள் ஐசியு. பிள்ளை 1.6 கிலோ.

மூன்று நாளும் அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். கவனக்குறைவாம்!

1994-இல் தாடியஸ், மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரசவத்தில் தாய்மார்கள் சாகக் காரணமாகும் மூன்று தாமதங்களைப் பற்றி எழுதினார்கள். போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கத் தாமதம், போய்ச் சேரத் தாமதம், சேர்ந்த இடத்தில் வைத்தியம் கிடைக்கத் தாமதம். 2008-இல் 108 வந்து இரண்டாவதைக் குறைத்தது. முதல் தாமதத்துக்கு எந்த ஆம்புலன்ஸை விடுவது?

அடுத்து "எங்க பாட்டி 12 பெத்தா, வயக்காட்டுலயே பெத்தா" கோஷ்டி. என் பாட்டியும் 9 பெற்றவர்தான். ஆனால் தாத்தாவுக்கு அவர் இரண்டாம் தாரம். முதல் தாரம், பாட்டியின் கூடப்பிறந்த அக்கா. தலைப்பிரசவத்தில் போய்விட்டார். ஒரு போட்டோகூட இல்லை. உங்கள் வீட்டிலும் விசாரித்துப் பாருங்கள், கிடைக்கும்.

"அரசாங்கம்தான் 18,000 தருதே?" தருகிறது, முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு உதவித் திட்டத்தில். 2018-20 கணக்கில் லட்சம் குழந்தைகள் பிறந்தால் இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், இங்கே 54. பெருமைதான். ஆனால் சாகாமல் தப்பியவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லையே. என் அக்காவும் அதில் வரமாட்டாள். இதே தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் 100-க்கு 48 பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. கறிக்குழம்பு வைத்த அன்றும் கடைசியாக உட்காருகிறவளுக்குக் குழம்புதானே மிஞ்சுகிறது?

டாக்டர்கள் மேல் தப்பே இல்லையா என்றால், உண்டு. அது இன்னொரு நாள்.

சரி, ரொம்பச் சூடாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. பாதிக் கோபம் என் மேல். வலிப்புக்கு முந்தின நாள் வீடியோ காலில் அக்கா முகம் ஊதியிருந்தது. "குண்டாயிட்டக்கா, மாமியார் சாப்பாடு ஒத்துக்குது போல" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

அந்தப் பெரியவரை பிளாக் செய்யலாம் என்று அவர் பக்கத்துக்குப் போனேன். மகளுக்கு அடுத்த வாரம் வளைகாப்பு என்று பத்திரிகை போட்டிருக்கிறார். பிளாக் செய்யவில்லை. மேலே அறிகுறிகள் எழுதிய பத்தியை மட்டும் இன்பாக்ஸில் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பார்க்கவில்லை.