போர்ச்சுகலிடம் தோற்றாலும் பரவாயில்லை என்றவர்கள்

எனக்கு ஒரு மாமா இருக்கிறார். கால்பந்து உலகக் கோப்பை, யூரோ கோப்பை எது வந்தாலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஃபார்வர்டைத்தான் போடுவார். மூன்றரை லட்சம் பேர் இருக்கிற ஐஸ்லாந்து உலகக் கோப்பையில் ஆடுகிறது, நூற்று நாற்பது கோடிப் பேர் டி.வி. முன்னால் உட்கார்ந்து கைதட்டுகிறோம், வெட்கம். கீழே தலையில் அடித்துக்கொள்ளும் பொம்மை ஒன்று. 2018-இல் வந்தது. 2025 நவம்பரில் குராசாவ் என்ற கரீபியன் குட்டித் தீவு உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதும் நாட்டின் பெயரையும் எண்ணையும் மாற்றிக்கொண்டு அதே பொம்மையோடு மறுபடி வந்தது.

எனக்கு இந்தக் கணக்கே பிடிக்காது. ஜனத்தொகையா பந்தை உதைக்கிறது? ஐஸ்லாந்து கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. 2016-இல் இங்கிலாந்தை வீட்டுக்கு அனுப்பினார்களே, அது இல்லை. 2018-இல் மாஸ்கோவில் மெஸ்ஸியின் பெனால்டியை அவர்களுடைய கோல்கீப்பர் தடுத்ததும் இல்லை. 2010 அக்டோபரில் ஒரே ஒரு வாரம். அந்த வாரத்தைப் பற்றி யாரும் ஃபார்வர்ட் போடுவதில்லை. ஏனென்றால் அந்த வாரம் அவர்களுடைய தேசிய அணி சொந்த ஊரிலேயே தோற்றது.

நடந்தது இதுதான். ஐரோப்பாவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான அண்டர்-21 கோப்பை நடக்கும். 2011 கோப்பையை டென்மார்க் நடத்தியது. தகுதிச் சுற்று தொடங்கும்போது உள்ள வயதுதான் கணக்கு, அதனால் 1988-க்கு முன்னால் பிறந்தவர்கள் அதில் ஆட முடியாது. ஐஸ்லாந்தில் அந்தக் காலத்தில் ஆண்டுக்கு நாலாயிரத்து ஐந்நூறு, நாலாயிரத்து எழுநூறு குழந்தைகள் பிறந்திருக்கின்றன. 88, 89, 90, 91 என்று நான்கு ஆண்டுகளில் பிறந்த ஆண் பிள்ளைகள் அத்தனை பேரையும் கூட்டினாலும் பத்தாயிரம் தேறாது. பாட்டு கற்றவன், படகு ஓட்டியவன், பந்தைக் கண்டாலே ஓடியவன் எல்லோரும் அதற்குள் அடக்கம்.

இந்தப் பத்தாயிரத்துக்குள்ளிருந்து வந்த அணி தகுதிச் சுற்றில் ஜெர்மனியோடு ஒரே பிரிவில் விழுந்தது. 2009-இல் அந்தக் கோப்பையை வென்றிருந்ததே ஜெர்மனிதான். இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு நான்கு கோல் போட்டவர்கள். ஜெர்மனிக்கே போய் ஐஸ்லாந்துப் பையன்கள் 2-2 என்று டிரா செய்தார்கள். 2010 ஆகஸ்டில் சொந்த ஊருக்கு வரவழைத்து 4-1 என்று அடித்தார்கள். நடப்புச் சாம்பியன் அடுத்த கோப்பைக்கே வர முடியாமல் போனது. பிரிவில் செக் முதலிடம், ஐஸ்லாந்து இரண்டாமிடம். மிச்சமிருந்தது கோப்பைக்கு யார் போவது என்று முடிவாகும் பிளே-ஆஃப், ஸ்காட்லாந்தோடு இரண்டு ஆட்டங்கள். ஒன்று அக்டோபர் 7-இல் ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யாவிக்கில், இன்னொன்று 11-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில்.

சிக்கல் இங்கேதான். அக்டோபர் 12-ஆம் தேதி பெரியவர்கள் அணிக்கு ரெய்க்யாவிக்கில் போர்ச்சுகலோடு யூரோ 2012 தகுதி ஆட்டம். ரொனால்டோ வருகிறார். அரங்கம் நிரம்பும். பெரியவர்கள் அணி முதல் இரண்டு ஆட்டங்களிலும், நார்வேயிடமும் டென்மார்க்கிடமும், தோற்றிருந்தது. போர்ச்சுகலும் அப்போது தடுமாறிக்கொண்டிருந்தது, சைப்ரஸிடம்கூட 4-4 டிரா. ஒரு புள்ளி தட்டிப் பறிக்க இதைவிட நல்ல நேரம் வராது. அண்டர்-21 அணியில் இருந்த நல்ல பையன்கள் பலர் பெரியவர்கள் அணியிலும் ஆடத் தொடங்கிவிட்டார்கள். இவர்களை யாரிடம் அனுப்புவது?

ஐஸ்லாந்துக் கால்பந்துச் சங்கம் பையன்களை எடின்பரோவுக்கு அனுப்பியது. போர்ச்சுகலுக்கு எதிராக மிச்சம் இருந்தவர்கள் ஆடினார்கள்.

பெரியவர்கள் அணியின் கோச் ஓலாபுர் யோஹானெசனுக்கு இது பிடிக்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். சம்பளம் வாங்குவது பெரியவர்கள் அணி ஜெயிக்க. தோற்றால் போவது அவர் வேலை. மூன்றாவது நிமிடமே ரொனால்டோ ஃப்ரீகிக்கில் கோல் அடித்தார். முடிவு 3-1, போர்ச்சுகலுக்கு. அடுத்த ஆண்டு ஓலாபுரின் இடத்துக்கு ஸ்வீடனிலிருந்து லார்ஸ் லாகர்பேக் வந்தார்.

எடின்பரோவில் என்ன ஆனது? முதல் ஆட்டத்தை 2-1 என்று வென்றிருந்தார்கள். இரண்டாவதிலும் 2-1. இரண்டு கோலையும் அடித்தவர் கில்ஃபி சிகுர்ட்சன். ஐஸ்லாந்து அதற்கு முன் அண்டர்-21 கோப்பைக்குப் போனதே கிடையாது.

இது ஏன் எனக்குப் பெரிதாகப் படுகிறது என்றால், எங்கள் பள்ளியில் இதற்கு நேர் எதிரானதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஜூனியர் அணியில் நான் லெஃப்ட் பேக். மண்டலப் போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பி.டி. வாத்தியார் வந்து எங்கள் அணியின் மூன்று நல்ல பையன்களை சீனியர் அணிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே ஒருவனுக்குத்தான் ஆடக் கிடைத்தது, மற்ற இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டார்கள். நாங்கள் ஆறு கோல் வாங்கினோம். சீனியரும் முதல் சுற்றிலேயே வெளியே. அந்த ஆறில் மூன்று என் பக்கமாக வந்தவை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பழைய நண்பன் எவனாவது கமெண்டில் வந்து சொல்வான்.

சின்ன நாட்டு இளையோர் அணிக்கு இதுதான் தலையெழுத்து. பெரிய நாட்டில் இருபது வயதில் ஒருவன் நன்றாக ஆடினால் அவனுக்கு முன்னால் இன்னும் நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள். அதனால் அவன் தன் வயதுக்காரர்களோடு ஆடிக்கொண்டே இருப்பான். சின்ன நாட்டில் வரிசையே இல்லை. பதினெட்டு வயதில் ஒருவன் சரியாகப் பந்தைத் தட்டினால் மறுநாளே பெரியவர்கள் அணியில் இருப்பான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இளையோர் அணி எப்போதும் எடுத்தது போக மிஞ்சியவர்களின் அணியாகிவிடும். சேர்ந்து ஆட வேண்டிய பையன்கள் சேர்ந்து ஜெயிப்பது எப்படி என்றே தெரியாமல், தோற்றுப் பழகிய பெரியவர்களோடு ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்து தாங்களும் தோற்றுப் பழகுவார்கள். ஐஸ்லாந்து அந்த வாரம் அதைச் செய்யவில்லை.

நடுவில் ஒரு விஷயம். ஐஸ்லாந்துக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் என்று பெரும்பாலும் கிடையாது. அப்பா பெயரோடு 'சன்' சேர்த்தால் மகன், 'டோட்டிர்' சேர்த்தால் மகள். ஏறக்குறைய நம் இனிஷியல் கதைதான். அந்த அண்டர்-21 அணியின் கோச் ஏயோல்ஃபுர் ஸ்வெரிசன், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கு ஆடி பட்டம் வென்றவர். அணியின் தடுப்பாட்டக்காரர்களில் ஒருவன் ஹோல்மார் ஏயோல்ஃப்சன். ஆமாம், கோச்சின் மகன். ஒளிக்கவே முடியாது, அப்பா பெயர் சட்டையின் முதுகிலேயே ஒட்டியிருக்கும்! நம் ஊராக இருந்தால் டீக்கடையில் ஒரு வாரம் ஓடியிருக்கும்.

சரி, 2011 ஜூனில் டென்மார்க்கில் என்ன ஆனது? பெலாரஸிடம் 2-0 தோல்வி. சுவிட்சர்லாந்திடம் 2-0 தோல்வி. அவ்வளவுதான் என்று நினைத்தபோது, கடைசி ஆட்டத்தில் போட்டியை நடத்துகிற டென்மார்க்கை அவர்கள் மண்ணிலேயே 3-1 என்று வென்றார்கள். கோல்பெய்ன் சிக்தோர்சன் ஒன்று, இரண்டு நிமிடம் கழித்து பிர்கிர் பியார்னசன் ஒன்று, கடைசியில் இன்னொன்று. ஐஸ்லாந்து, டென்மார்க், பெலாரஸ் மூன்று அணிகளும் ஆளுக்கு மூன்று புள்ளி. அவர்களுக்குள் நடந்த ஆட்டங்களின் கோல் கணக்கைப் பார்த்தபோது பெலாரஸ் முன்னேறியது. அன்றைக்கு 4-1 என்று முடிந்திருந்தால் அரையிறுதியில் ஐஸ்லாந்து. ஒரே ஒரு கோல்.

அந்த அணி கோப்பையோடு திரும்பவில்லை, அரையிறுதிகூடக் காணவில்லை. ஆனால் ஐந்து ஆண்டு கழித்து 2016 யூரோவில் ஐஸ்லாந்தின் நடுக்களத்தைப் பாருங்கள். யோஹான் பெர்க் குட்மன்சன், அரோன் குன்னார்சன், கில்ஃபி, பிர்கிர். நால்வருமே டென்மார்க்குக்குப் போன பையன்கள். முன்னால் கோல்பெய்ன், அவனும்தான். அந்த யூரோவின் ஐந்து ஆட்டங்களிலும் ஐஸ்லாந்து அதே பதினோரு பேரை இறக்கியது, ஒருவரைக்கூட மாற்றவில்லை. பந்து எங்கே விழும், அங்கே யார் ஓடுவான் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தவர்கள். அந்தப் பழக்கம் இருபது வயதிலேயே தொடங்கியது.

முதல் ஆட்டம் யாரோடு? போர்ச்சுகலோடு. முதல் பாதியில் போர்ச்சுகல் முன்னிலை. ஐம்பதாவது நிமிடத்தில் யோஹான் வலப்பக்கத்திலிருந்து தூக்கிப்போட, மறுகோடியில் தனியாக நின்ற பிர்கிர் தரையில் விழுமுன்னே உள்ளே அனுப்பினான். 1-1. ஐஸ்லாந்துக்காரர்கள் கோப்பையே வென்றதுபோலக் கொண்டாடினார்கள், அது சின்னப் புத்தி என்று ரொனால்டோ எரிச்சல்பட்டார். எனக்கோ ஆறு ஆண்டுக்கு முந்தைய அந்த அக்டோபர்தான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு ரொனால்டோவுக்கு முன்னால் நிறுத்தாமல் வேறு ஊருக்கு அனுப்பியது இவர்களைத்தானே!

கமெண்டில் வரப்போவது தெரியும்: "ப்ரோ, காரணம் இன்டோர் மைதானம்." உண்மைதான். 2000-இல் கெஃப்லாவிக்கில் முதல் முழு அளவு உள்ளரங்கு மைதானம் வந்தது, அப்புறம் வரிசையாக ஊர் ஊராக. குளிர்காலத்தில் காற்றும் பனியும் இல்லாமல் பந்து உருண்டது. பள்ளிக்கூடங்களை ஒட்டிச் சின்னச் செயற்கைப் புல் மைதானங்கள் நூற்றுக்கு மேல் போட்டார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்குச் சொல்லித் தருபவர்கூடப் பயிற்சி பெற்று, சம்பளம் வாங்குகிற கோச். இதெல்லாம் இல்லாமல் அந்தப் பையன்கள் இல்லை.

ஆனால் எல்லாப் புகழையும் கூரைக்கே கொடுத்துவிட்டால் பிர்கிரை எங்கே வைப்பது? அவன் பதினோரு வயதிலேயே நார்வேக்குக் குடிபோனவன். கில்ஃபியும் பதின்வயதிலேயே இங்கிலாந்தின் ரெடிங் கிளப்புக்குப் போய்விட்டவன். தனித்தனியாக வெவ்வேறு நாட்டில் வளர்ந்தவர்கள் சேர்ந்து நின்ற இடம் இளையோர் அணிதான். கோல்பெய்ன் 2007-லேயே அண்டர்-17 யூரோ கோப்பைக்கு பெல்ஜியம் போனவன். மைதானம் கட்டப் பணம் போதும். பெரிய ஆட்டம் ஒன்றைக் கையை விட்டுப் போகவிட வேறொன்று வேண்டும்.

இதைச் சூத்திரமாக ஆக்கவும் எனக்கு விருப்பமில்லை. 2021-இல் ஐஸ்லாந்து இரண்டாவது முறையாக அண்டர்-21 கோப்பைக்குப் போனது. மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னும் மோசமானது வெளியே வந்தது. தேசிய அணி வீரர்கள் மீது வந்த பாலியல் புகார்களைச் சங்கம் கையாண்ட விதம் அம்பலமாகி, தலைவரும் நிர்வாகக் குழுவும் பதவி விலகினார்கள். பொற்காலம் என்று சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பையன்களை நம்பியது சரி. அவர்கள் பெரியவர்களான பிறகு எதற்கும் பதில் சொல்ல வேண்டாம் என்று விட்டது சரியில்லை.

2018-க்குப் பிறகு பெரியவர்கள் அணி உலகக் கோப்பைக்குப் போகவில்லை. ஆனாலும் 2023-இல் அவர்களுடைய அண்டர்-19 அணி, நடப்புச் சாம்பியனான இங்கிலாந்தை 1-0 என்று வென்று மால்டாவில் நடந்த யூரோவுக்குப் போனது. அங்கே ஸ்பெயினிடம் 2-1 தோல்வி, நார்வேயோடும் கிரீஸோடும் டிரா, முதல் சுற்றோடு சரி. வழக்கம்போல யாரும் ஃபார்வர்ட் போடவில்லை.

மாமாவின் குராசாவ் ஃபார்வர்டுக்கு இந்த முறை பதில் போட்டேன். 2010 அக்டோபர் 12, ரெய்க்யாவிக், ஐஸ்லாந்து 1, போர்ச்சுகல் 3. அந்த ஒரு வரி மட்டும். பத்து நிமிடத்தில் மாமாவிடமிருந்து வந்தது: "தோத்த மேட்ச எதுக்குடா அனுப்புற?"

குழுவில் இவ்வளவு நீளமாகத் தட்ட முடியாது, அதான் இங்கே எழுதினேன். மாமா, படித்துவிட்டுச் சொல்லுங்கள்.