சிங்கப்பூரில் பிரேதப் பரிசோதனை, கொவிட் ஒரு பாக்டீரியா: இது பொய்

"கொவிட்டால் இறந்தவரை உலகில் முதன்முதலாகப் பிரேதப் பரிசோதனை செய்த நாடு சிங்கப்பூர். அது வைரஸே இல்லை, கதிர்வீச்சு பட்ட பாக்டீரியா. ரத்தம் உறைவதுதான் நோய், ஆஸ்பிரின் போட்டால் சரியாகிவிடும்." 2021இல் தமிழிலும் சுற்றிய இந்தச் செய்தி குடும்பக் குழுக்களில் மறுபடி வருகிறது.

அப்படி ஒரு பரிசோதனை இங்கே நடக்கவில்லை என்று சிங்கப்பூர் சுகாதார அமைச்சு 2021 ஜூனிலேயே சொல்லிவிட்டது. அதே செய்தி முன்பு இத்தாலி, ரஷ்யா பெயர்களில் வந்தது. நாட்டின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. உண்மையில் பல நாட்டு மருத்துவர்கள் 2020இலேயே பிரேதப் பரிசோதனை செய்தார்கள். அது பாக்டீரியா அல்ல, வைரஸ்தான்: அதன் மரபணு வரிசையும் 2020 ஜனவரியிலேயே வெளியானது.

பொய்யோடு ஒரு துளி உண்மை கலந்திருப்பதால்தான் பலர் நம்பிவிடுகிறார்கள். கடுமையான கொவிட்டில் ரத்தம் உறைவது நிஜம். அது நோயின் விளைவு, காரணம் அல்ல. ஆஸ்பிரினையும் சோதித்துப் பார்த்தார்கள்: பிரிட்டனில் சுமார் 15,000 நோயாளிகளிடம் நடந்த ரிகவரி ஆய்வில், மருந்து எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் இரு தரப்பிலும் இறப்பு 17 விழுக்காடுதான்.

எனக்குப் பெரிய கவலை டெங்கி. இங்கே காய்ச்சல் என்றால் அதுவாகவும் இருக்கலாம். டெங்கி இருக்கும்போது ஆஸ்பிரின் போட்டால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். வீட்டில் பெரியவர்கள் யாராவது இந்தச் செய்தியைக் காட்டினால், இதை முதலில் சொல்லுங்கள். அப்புறம் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தவும் கூடாது, மருத்துவரிடமே கேட்க வேண்டும்.