இரவு வெப்பநிலை மட்டும் பனியின் உறுதியைச் சொல்லிவிடாது

முன்னறிவிப்பில் இரவு வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இருந்தால் மறுநாள் காலை மலை உச்சிக்கு ஏறும் பாதையின் பனி இறுகியிருக்கும், மேலே இருந்தால் இளகியிருக்கும் என்ற கருத்து இந்த உரையாடல் திரியில் பலமுறை பகிரப்பட்டிருக்கிறது. அது பாதி மட்டுமே சரி என்பதைப் பணிவுடன் குறிப்பிட விரும்புகிறேன்.

முன்னறிவிப்பு தருவது தரையிலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில் உள்ள காற்றின் வெப்பநிலை. காலடியில் கிடக்கும் பனிப்பரப்பின் வெப்பநிலை அதிலிருந்து பல டிகிரி வேறுபடலாம். பனி தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக இரவு முழுவதும் வானை நோக்கி வெளியேற்றுகிறது. வானம் தெளிந்தும் காற்று வறண்டும் இருந்தால் அவ்வெப்பம் தப்பிவிடுவதால், காற்று 2 அல்லது 3 டிகிரியில் இருக்கும்போதே மேற்பரப்பு உறைந்து கெட்டிப்படக்கூடும். தாழ்ந்த மேகம் கவிந்திருந்தாலோ அது கதிர்களைத் திரும்ப அனுப்புகிறது. அப்போது காற்று 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே இறங்கினாலும், முந்தைய பகலில் நனைந்த பனியின் மேல் மெல்லிய ஓடு மட்டுமே உருவாகலாம். அந்த ஓட்டை நம்பிப் புறப்படுபவர், வெயில் ஏறியதும் முழங்கால் வரை புதைய நேரிடும்.

இதை எவரும் சரிபார்க்கலாம். ஒரு வெப்பமானியைப் பனிப்பரப்பின் மீதும் மற்றொன்றை ஆளுயரத்திலும் வைத்து, தெளிந்த இரவொன்றிலும் மேகமூட்டமான இரவொன்றிலும் விடியுமுன் அளவுகளை ஒப்பிடுங்கள். கருவி இல்லாதவர்கள், முன்னறிவிப்பில் இரவு நேர மேக அளவையும் (பலர் கண்டுகொள்ளாத வரி அது) குறித்துக்கொண்டு, விடியலில் பனியை பூட்ஸால் அழுத்தி மிதித்து, கைக்கோலை ஊன்றிப் பார்க்கலாம். ஓடு உடைந்து கோல் எளிதாக உள்ளே இறங்கினால், முன்னறிவிப்பில் எந்த எண் இருந்தாலும் அன்றைய பனி இறுகவில்லை.