நின்ற மரங்களின் கணக்கைக் கேளுங்கள்

இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றில் காலநிலை மாற்றத் திட்டங்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை. மரம் நடுகிற வேலை என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் என் நாளில் பாதி எக்செல் ஷீட்டில் போகிறது. அதில் எனக்குக் குறையேதும் இல்லை. அந்த ஷீட்டில் நிதி கொடுப்பவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

காலாண்டு அறிக்கையில் எப்போதும் ஒரு கட்டம் இருக்கும்: "நடப்பட்ட கன்றுகளின் எண்ணிக்கை". மூன்று வருடத் திட்டத்தில் மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் சமாளித்துவிடலாம், இந்த எண்ணில் குறை வைக்க முடியாது. அடுத்த தவணைப் பணம் வருவதே அதை வைத்துத்தான். ஒரு எண்ணுக்கு இவ்வளவு அதிகாரம் கொடுத்துவிட்டால் களத்தில் எல்லாமே அதன் பக்கம் சாய ஆரம்பித்துவிடும்.

அலையாத்திக் காடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கரியமில வாயுவை மண்ணில் பூட்டி வைக்கும், புயல் அலையின் வேகத்தைக் குறைக்கும், மீன்குஞ்சுகளுக்கு இடம் கொடுக்கும். காலநிலை நிதி இவற்றைத் தேடி வருவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தக் காடு இயல்பாக வளரும், ஓதம் வந்து வடியும் கரை மேட்டில் பெரும்பாலும் இறால் பண்ணையோ பட்டா நிலமோ இருக்கும். அதை மீட்க வருடக்கணக்கில் பேச வேண்டும். அதற்குக் கீழே, கடலை ஒட்டிய சேற்றுப் பரப்பு தனியார் யாருக்கும் சொந்தமில்லை, வழக்கும் இல்லை. சுரபுன்னை என்ற அலையாத்தி வகைக்கு விதை மரத்திலேயே முளைத்து நீளமாகத் தொங்கும். பறித்துச் சேற்றில் குத்தினால் போதும், ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் நட்டுவிடலாம். கட்டம் நிரம்பிவிடும், படமும் அழகாக வரும். அந்தக் கன்றுகள் தண்ணீரில் மூழ்கியே சாகும்.

இலங்கையில் 2004 சுனாமிக்குப் பிறகு நடந்த அலையாத்தி நடவுகளை ஆராய்ச்சியாளர்கள் பின்னாளில் போய்ப் பார்த்து, 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 23 இடங்கள், ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேர். அதில் காடாகத் தேறியது 200 ஹெக்டேர் சொச்சம். ஒன்பது இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்ட பிறகு கவனிக்க ஆள் இல்லாததும் முக்கியக் காரணங்கள். இதைப் படித்தபோது யார் மீதும் கோபம் வரவில்லை. அந்த நடவுகளின் அறிக்கைகள் எப்படி இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிந்தது. நட்ட எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் எல்லாமே வெற்றிதான்.

இது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. ராபின் லூயிஸ் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்தது இதைத்தான்: முதலில் தண்ணீர் எப்படி வந்து போகிறது என்று பார், அடைப்பு இருந்தால் எடு, நிலமட்டத்தைச் சரிசெய், விதையைக் கடலே கொண்டுவரும். ஃப்ளோரிடாவில் வெஸ்ட் லேக் என்ற இடத்தில் அப்படிச் செய்து, நாற்று நடாமலே காடு திரும்பியது. சரி, இதை நம் அறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? "நடப்பட்ட கன்றுகள்: 0" என்று எழுத எந்த மேலாளருக்குத் துணிச்சல் வரும்?

ஒரு கூட்டத்தில் வரைபடத்தை விரித்து வைத்து இடம் தேர்வு செய்துகொண்டிருந்தோம். வயதான மீனவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த மூலையில செடி நிக்காதுங்க. தண்ணி வடியவே வடியாது. பழைய வாய்க்கால் மேல ரோடு போட்டதுல இருந்து அப்படித்தான்" என்றார். நீரியல் ஆய்வுக்கு நாங்கள் ஒதுக்கியிருந்த பணத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயத்தை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். அந்த வாய்க்காலைத் திறக்க ஆகும் செலவு பட்ஜெட்டில் இல்லை. கன்று வாங்கும் பணத்தை அதற்கு மாற்ற ஒப்புதல் கேட்டோம். ஒப்பந்தத்தில் இருக்கும் இலக்கை மாற்ற முடியாது என்று பதில் வந்தது.

அப்புறம் காலக் கணக்கு. முதல் வருடம் ஒப்பந்தம், ஆள் எடுப்பது, அனுமதிகள் என்று ஓடிவிடும். இரண்டாவது வருடம் நடவு. மூன்றாவது வருடத்தின் கடைசியில் இறுதி அறிக்கை, ஆடிட். கன்று பிழைத்ததா இல்லையா என்பது சரியாகத் தெரியவரும் நேரத்தில் திட்டமே இருக்காது. நோ காஸ்ட் எக்ஸ்டென்ஷன் தருகிறோம் என்பார்கள். காலம் மட்டும் நீளும், பணம் வராது. களப்பணியாளரின் சம்பளம் அதற்குள் தீர்ந்திருக்கும்.

கண்காணிப்பு என்பதைப் பலர் டிரோன் படம் என்று நினைக்கிறார்கள். படம் உதவும்தான். ஆனால் ஓதம் வற்றும் நேரம் பார்த்து இறங்கி, முழங்கால் சேற்றில் பத்துக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டி, ஒவ்வொரு செடியாகக் குனிந்து, புதுத் துளிர் இருக்கிறதா, தண்டில் கொட்டலசு (ஒட்டி வளரும், ஓடுள்ள சிறு கடலுயிர்) அப்பியிருக்கிறதா, வேரடி மண் அரித்திருக்கிறதா என்று குறிப்பவர் ஒருவர் வேண்டும். அவருக்கு அந்தக் கரை பழகியிருக்க வேண்டும். அப்படிப்பட்டவரைத் திட்டம் முடிந்ததும் அனுப்பிவிட்டு, அடுத்த திட்டத்துக்குப் புதிதாக ஒருவரை எடுத்து முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கிறோம். அவரைத் தக்கவைக்கும் செலவுக்கு "நிர்வாகச் செலவு" என்று பெயர் வைத்து, பத்து சதவீதத்துக்கு மேல் கூடாது என்கிறார்கள். இப்படி நிதி கொடுக்கும் அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை 2016-இல் இந்த வரம்பை 20 சதவீதமாகவும், பிறகு 25 ஆகவும் உயர்த்தியது. மற்றவர்களாலும் முடியும்.

கொடுப்பவர்கள் கணக்குக் கேட்பது தவறு என்று நான் சொல்லவில்லை. பொதுமக்கள் பணம், கேட்கத்தான் வேண்டும். இன்னும் கடினமான கேள்வியாகக் கேளுங்கள் என்கிறேன். ஐந்தாம் வருடத்தில் எத்தனை உயிரோடு நிற்கிறது? தானாக முளைத்தது எவ்வளவு? அந்தக் கரையில் வாழ்கிறவர்கள் எந்த முடிவை எடுத்தார்கள்? 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் சில நாடுகளும் அறக்கட்டளைகளும் சேர்ந்து பழங்குடிகளின் நில உரிமைக்கும் காடு காப்பதற்கும் 170 கோடி டாலர் தருவதாக அறிவித்தார்கள். முதல் வருடம் கொடுத்ததில் நேரடியாகப் பழங்குடிகளுடைய அமைப்புகளுக்குப் போனது 7 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி எங்களைப் போன்ற இடைநிலை அமைப்புகள் வழியாகவும் அரசுகள் வழியாகவும் போனது. இதைச் சொல்ல எங்கள் துறையில் தயக்கம் இருக்கிறது. இருந்தும் சொல்லத்தான் வேண்டும்.

வேறு மாதிரி நடக்கிற இடமும் உண்டு. கென்யாவின் காஸி விரிகுடாவில் மிகோகோ பமோஜா என்ற திட்டம் 2013 முதல் ஓடுகிறது. 117 ஹெக்டேர் அலையாத்தி, 20 வருடக் காலம். காடு பூட்டி வைக்கும் கரியமில வாயுவைக் கணக்கிட்டு, அதைக் கார்பன் கிரெடிட்டாக விற்று வரும் பணத்தைக் குடிநீருக்கா பள்ளிக்கா என்று ஊரே பேசி முடிவெடுக்கிறது. பரப்பு சின்னதுதான். ஆனால் அடுத்த காலாண்டைப் பற்றி மட்டும் யோசிக்காமல் இருபது வருடத்துக்கு யோசிக்க அங்கே இடம் இருக்கிறது.

ப்ரொபோசல் எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். திட்டம் முடிந்து இரண்டு வருடம் கழித்து எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு பட்ஜெட் லைன் போடுங்கள். வெட்டினால் அடுத்த முறையும் போடுங்கள். நடவுக்கு முன் ஒரு வருடம் தண்ணீரைக் கவனிக்கக் கேளுங்கள். கன்று இலக்கைப் பாதியாக்கி, பிழைப்பு விகிதத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். நாங்கள் இந்த முறை அப்படித்தான் அனுப்பியிருக்கிறோம். "எண்ணிக்கை குறைவாக இருக்கிறதே" என்று முதல் கேள்வி வந்துவிட்டது. இலங்கை ஆய்வைச் சேர்த்துப் பதில் அனுப்பியிருக்கிறேன்.