கொலஸ்டிரால் இல்லாத கடலை எண்ணெயும் செஞ்ஞாயிறும்

அக்கா மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். ஏதாவது ஒரு விளம்பரத்தை எடுத்து, அது எப்படி நம்மை இழுக்கிறது என்று அலசி எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். மாமா அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர்தானே என்று போன ஞாயிற்றுக்கிழமை ஒரு எண்ணெய் பாக்கெட்டோடு வந்துவிட்டாள். "இதுல என்ன பொய் இருக்குன்னு சொல்லுங்க மாமா" என்றாள்.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பொய் ஒன்றும் இல்லை. அவளுக்குப் பெரிய ஏமாற்றம்.

பதினான்கு வருஷம் மதுரையில் ஒரு அச்சகத்தில் மெய்ப்பு பார்த்தேன். நகைக்கடை, ஜவுளிக்கடை, மனை விற்பவர்கள், டுட்டோரியல், அப்புறம் தேர்தல் வந்தால் எல்லாக் கட்சியும். இத்தனை நோட்டீஸ்களில் பச்சைப் பொய் என்று சிவப்பு மையில் சுழிக்கும்படி வந்தவை சொற்பம். பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்பது கடைக்காரருக்குத் தெரியும். அவர்களுக்கு வேண்டியது உண்மையான ஒரு வாக்கியம். அதைப் படிப்பவர் மட்டும் வேறு மாதிரி புரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பாக்கெட்டில் இருந்தது இது: "கொலஸ்டிரால் இல்லாத கடலை எண்ணெய்". கொலஸ்டிரால் விலங்குகளின் உடம்பில் உண்டாகும் பொருள். கடலையிலோ எள்ளிலோ தேங்காயிலோ சொல்லும்படியாக அது இருக்காது. ஆக, எந்தக் கடலை எண்ணெயிலும் கொலஸ்டிரால் இல்லை. பக்கத்துத் தட்டில் அந்த வார்த்தை போடாமல் நிற்கும் பாக்கெட்டிலும் இல்லை. செக்கில் ஆட்டித் தகர டின்னில் ஊற்றிக் கொடுப்பவரிடமும் இல்லை.

"அப்ப உண்மையைத்தானே சொல்லியிருக்காங்க?" என்றாள். ஆமாம், உண்மைதான். உனக்குத் தமிழ் இலக்கணத்தில் அடைமொழி நடத்தினார்களா என்று கேட்டேன். நடத்தினார்களாம், ரெண்டு மார்க் கேள்வியாம். இனமுள்ள அடை, இனமில்லா அடை. செந்தாமரை என்றால் வெண்தாமரையும் உண்டு, அதிலிருந்து இதைப் பிரித்துக் காட்டத்தான் 'செம்மை'. அது இனமுள்ள அடை. செஞ்ஞாயிறு, வெண்திங்கள் என்றால்? கருப்பு ஞாயிறு என்று ஒன்று இருக்கிறதா, அதிலிருந்து பிரித்துக் காட்ட? இல்லை. அழகுக்குச் சேர்த்தது, இனமில்லா அடை. நன்னூல்காரர் ஏறக்குறைய 800 வருஷத்துக்கு முன்பே சொல்லி வைத்ததுதான்.

இந்தப் பாக்கெட் செய்வது என்னவென்றால், இனமில்லாத அடையை இனமுள்ள அடை போல நடமாட விடுகிறது. 'கொலஸ்டிரால் இல்லாத' என்று சொன்னதுமே, கொலஸ்டிரால் உள்ள கடலை எண்ணெய் ஒன்று எங்கேயோ இருக்கிறது என்று நம் மூளை தானாகவே ஒரு வெண்தாமரையைப் பூக்க வைத்துவிடுகிறது. அதை உருவாக்கியது நாம்தான். கம்பெனி ஒரு வார்த்தைகூடப் பொய் பேசவில்லை.

இன்னொன்றும் சொன்னேன். தேங்காய் எண்ணெயிலும் கொலஸ்டிரால் இல்லை. ஆனால் அதில் உள்ள கொழுப்பில் சுமார் 90% நிறைவுற்ற கொழுப்பு, ரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டக்கூடிய வகை. பாமாயிலில் அது பாதியளவு. இரண்டு பாக்கெட்டிலும் அதே வாக்கியத்தைப் போடலாம், உண்மையாகவே இருக்கும். (தேங்காய் எண்ணெயை ஊற்றாதே என்று சொல்லவில்லை. அவியல் என்று ஒன்று இருக்கிறது.) சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டில் கொலஸ்டிராலை எதிர்க்கும், இதயத்துக்கு இதமானது என்கிற மாதிரியெல்லாம் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதிகளில் பட்டியலே உண்டு. அந்தப் பட்டியலைத் தொடாமலே இவ்வளவு செய்ய முடிகிறது.

என் கட்சி இதுதான். விளம்பரத்தையும் மேடைப் பேச்சையும் பிரித்துப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு பாடம் தேவையில்லை. ரெண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்து மறக்கும் இலக்கணமே அதற்கான கத்தி. அதை ஞாயிறுக்கும் திங்களுக்கும் மட்டுமே எடுக்கிறோம், கடைத்தெருவுக்குக் கொண்டுபோவதில்லை.

மங்கலம் என்று ஒன்று படித்திருப்பீர்கள், கேட்க நன்றாக இல்லாததை நல்ல வார்த்தையால் சொல்வது. சுடுகாட்டை நன்காடு என்பது, கருப்பு ஆட்டை வெள்ளாடு என்பது. கட்டண உயர்வு 'கட்டணத் திருத்தம்' ஆவதும் அதே மங்கலம்தான். சர்க்கரை தூக்கலாக இருந்த, பாலில் கலந்து குடிக்கும் பவுடர்கள் எல்லாம் பல வருஷம் 'ஹெல்த் டிரிங்க்' என்ற பெயரில் ஓடின. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதால், 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் அவற்றை அந்தத் தலைப்பிலிருந்து எடுக்கும்படி ஆன்லைன் கடைகளுக்கு அறிவுறுத்தியது. அதுவரை வெள்ளாடு.

செயப்பாட்டு வினையும் அப்படித்தான். 'தச்சனால் நாற்காலி செய்யப்பட்டது' என்று புத்தகத்தில் தச்சனாவது இருக்கிறார். "லேசான தடியடி நடத்தப்பட்டது" என்ற செய்தியில் 'ஆல்' ஏற்கும் ஆளே காணோம். போதாக்குறைக்கு 'லேசான'. அது யார் சொன்ன அளவு? அடித்தவரா, வாங்கியவரா?

'வரை', 'முதல்' இரண்டையும் பற்றி நானே ஒரு தனிப்பதிவு எழுதலாம். தள்ளுபடி என்றால் எப்போதும் 'வரை' வரும், விலை என்றால் 'முதல்' வரும். மாறி வந்து நான் பார்த்ததில்லை. ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் ஒன்று, 50% என்பது 72 பாயிண்ட் அளவு எழுத்தில், 'வரை' 10 பாயிண்டில். புரூஃபில் 'வரை'யைக் கொஞ்சம் பெரிசாக்கலாமா என்று கேட்டேன். கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, எழுத்துப்பிழை மட்டும் பாருங்க" என்றார். நானும் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன். 2022 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட விளம்பர வழிகாட்டு நெறிமுறையில், நிபந்தனைகளை எந்த மொழியில் விளம்பரம் செய்கிறீர்களோ அதே மொழியில், அதே எழுத்துருவில் போட வேண்டும் என்று வந்திருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. இங்கேயும் 'வரை'தான், கவனியுங்கள்.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது அவள் ஒரு கேள்வி கேட்டாள். "நல்ல விஷயத்துக்கு இப்படிப் பேசினா தப்பா மாமா?" அதற்குத்தான் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அப்பாவின் ஞாபகம் வந்தது. 1967 தேர்தல், அரிசித் தட்டுப்பாட்டுக் காலம். "ரூபாய்க்கு மூன்று படி அரிசி" என்ற முழக்கத்தை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார், குரலில் ஒரு குதூகலத்தோடு. அண்ணா சொன்ன முழு வாக்கியம் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்". ஆட்சிக்கு வந்த பிறகு முதலில் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி கொடுத்தார்கள். வாக்கியப்படி பார்த்தால் பிசகில்லை. லட்சியம் வேறு, நிச்சயம் வேறு என்று முன்கூட்டியே பிரித்துச் சொன்ன வாக்கியம் அது. ஆனால் அப்பாவின் காதில் தங்கியது மூன்று படி மட்டும். 'நிச்சயம்' எங்கே போனது? யாரும் அதை 10 பாயிண்டில் அச்சடிக்கவில்லை. இயைபோடு, ஒலிபெருக்கியில், சம அளவில்தான் வந்தது. சின்னதாக்கிக்கொண்டது அப்பா. பசித்திருந்தவர், சின்னதாக்கிக்கொள்வார்.

அண்ணா ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் 'லட்சியம்' என்ற சொல்லை முன்னால் நிறுத்தியதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நினைக்கிறேன். "ஒரு படி நிச்சயம், மூன்று படி லட்சியம்" என்று திருப்பிச் சொல்லிப் பாருங்கள். பொருள் மாறவில்லை. கூட்டம் கைதட்டுமா?

இதை எழுதும்போதே கமென்ட் வரப்போகிறது, அந்தக் கட்சியைச் சொன்னாயே இந்தக் கட்சியைச் சொன்னாயா என்று. நியாயம்தான். தேர்தல் நேரத்தில் எதிரெதிர்க் கட்சிகளின் நோட்டீஸ்களை ஒரே மதியத்தில் புரூஃப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பிடிக்காத கட்சியின் நோட்டீஸில் தோன்றா எழுவாய் (செய்தது யார் என்று சொல்லாமல் விடுவது), மங்கலம், முற்றும்மை ('எல்லாரும்' என்று ஒருவர் விடாமல் சேர்க்கும் 'உம்') எல்லாம் கண்ணில் பளிச்சென்று படும். நான் ஓட்டுப் போடும் கட்சியின் நோட்டீஸில் சந்திப்பிழை மட்டும்தான் தெரியும். இலக்கணம் தெரிந்தும் இந்த லட்சணம்.

பதிவை முதலில் அவளுக்குத்தான் அனுப்பினேன். "நாம் எல்லாருமே விளம்பரத்தைப் பார்த்து மயங்கித்தான் பொருள் வாங்குகிறோம்" என்று ஒரு வரி இருந்தது. பதில் வந்தது: "எல்லாருமே-ன்னா முற்றும்மைதானே மாமா? யார் யாரைக் கேட்டீங்க?"

அந்த வரியை எடுத்துவிட்டேன்.